‘திடீர்’ கொலைக்கு முன்னால் நடப்பவை

“குடும்பத் தகராறு முற்றியது, மனைவியைக் கத்தியால் குத்திய ஆடவர் கைது.” மலேசியாவில் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரி தலைப்பு பழகிப்போன ஒன்று. கீழே நாலைந்து வரி இருக்கும். இறந்தவரின் வயது, எந்தத் தாமான் (குடியிருப்பு), குற்றவியல் சட்டம் 302-ஆவது பிரிவில் விசாரணை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொல்வார்: “ரொம்ப அமைதியான மனுஷன், இப்படிச் செய்வார்னு நினைக்கவே இல்லை.” படித்து முடிக்கும்போது, ஏதோ ஒரு ராத்திரி ஒருவருக்கு ஆத்திரம் தலைக்கேறி எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

ஆராய்ச்சிகள் சொல்வது வேறு. கணவன், முன்னாள் கணவன் அல்லது காதலன் கையால் ஒரு பெண் சாகும்போது, பெரும்பாலும் அதே ஆள் அவளை அதற்கு முன்பே வதைத்து வந்திருக்கிறான். அந்த வதையில் சில அடையாளங்கள் மற்றவற்றைவிட அபாயமானவை. அவை எவை, தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அளவு. ஐ.நா. கணக்குப்படி 2023-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85,000 பெண்களும் சிறுமிகளும் கொல்லப்பட்டார்கள். அதில் 51,100 பேர், அதாவது பத்தில் ஆறு பேர், துணைவர் அல்லது குடும்பத்தினர் கையால் செத்தவர்கள். நாளொன்றுக்கு 140 பேர். கொல்லப்படும் ஆண்களில் இந்த வகை சுமார் 12 விழுக்காடுதான். துணைவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. பல நாட்டுப் புள்ளிவிவரங்களைத் திரட்டிய அந்த ஆய்வில், கொலையான பெண்களில் 38 விழுக்காட்டுக்கும் மேல் துணைவரால் கொல்லப்பட்டவர்கள். ஆண்களில் அது ஆறு விழுக்காடு. இருட்டில் தனியாக நடக்காதே, தெரியாதவன் காரில் ஏறாதே என்று மகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தப்பில்லை. ஆனால் கணக்கு வீட்டுப் பக்கம்தான் கை நீட்டுகிறது.

சரி, அடிக்கும் எல்லாக் கணவனும் கொல்கிறானா? இல்லை. அடி வாங்கும் பெண்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் கொல்லப்படுகிறவர்கள் மிகச் சிறிய பகுதி. அதனால் “அடிக்கிறான், எனவே கொல்வான்” என்று யாரும் முடிவு கட்ட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, அடி வாங்கும் பெண்களில் யாருடைய உயிருக்கு ஆபத்து கூடுதல் என்பது.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற அமெரிக்கச் செவிலியர், பேராசிரியர். அவரும் உடன் இருந்தவர்களும் 11 அமெரிக்க நகரங்களில் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. துணைவரின் வதையை அனுபவித்து அவர் கையாலேயே செத்த 220 பெண்கள் ஒரு பக்கம். அதே நகரங்களில் வதையை அனுபவித்தும் உயிரோடு இருந்த 343 பெண்கள் மறுபக்கம். செத்தவர்களிடம் எப்படிக் கேட்பது? அவர்களின் அம்மா, அக்கா, தோழி என்று நெருங்கியவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அவன் என்னவெல்லாம் செய்வான், என்ன சொல்லி மிரட்டுவான், வேலை இருந்ததா, பிள்ளைகள் யாருடையவை, அவள் பிரிந்துபோயிருந்தாளா. பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள்.

எதிர்பார்த்த சிலவும் எதிர்பார்க்காத சிலவும் வந்தன. துப்பாக்கி அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் கொலை அபாயம் ஐந்து மடங்குக்கு மேல். ஆயுதத்தைக் காட்டியோ “கொன்னுடுவேன்” என்றோ ஏற்கெனவே மிரட்டியிருந்தால் அதுவும் பெரிய அடையாளம். அவனுக்கு வேலை இல்லாமல் இருப்பது ஏறத்தாழ நான்கு மடங்கு. சமூகப் பின்னணி சார்ந்த காரணிகளில் மிகப் பலமானது அதுதான். வீட்டில் அவளுடைய முந்தைய உறவில் பிறந்த பிள்ளை இருந்தாலும் அபாயம் கூடியது. எல்லாவற்றையும் தாண்டி நின்றது ஒரு சேர்க்கை: அவளை முழுக்கத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஆள், அவனை விட்டு அவள் பிரிந்துபோனது. இரண்டும் சேர்ந்தால் ஒன்பது மடங்கு.

இது அமெரிக்கக் கணக்கு. மலேசியாவில் துப்பாக்கிச் சட்டம் கடுமை. செந்தூலிலோ ஜெலுத்தோங்கிலோ ஒரு பிளாட் வீட்டில் துப்பாக்கி இருப்பது அபூர்வம். அதனால் அந்த ஒரு காரணியின் எடை இங்கே குறைவு. ஆனால் பாராங் என்ற வெட்டுக்கத்தியும் சமையலறைக் கத்தியும் எந்த வீட்டிலும் உண்டு, இரண்டு கை எல்லாருக்கும் உண்டு. மிரட்டல், கட்டுப்பாடு, பிரிவு ஆகியவற்றுக்கு நாடு கிடையாது.

அந்தக் கட்டுப்பாடு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வன்முறையாகவே தெரியாது. ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்தில் வீடு, பிறை தொழிற்பேட்டையில் வேலை. சம்பளம் வரும் வங்கி அட்டை கணவர் கையில். போனின் கடவுச்சொல் அவருக்குத் தெரியும். எங்கே இருக்கிறாள் என்று காட்டும் செயலி எப்போதும் ஓட வேண்டும். ஓவர்டைம் செய்தால் யாரோடு என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். அம்மா வீட்டுக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தங்கச்சியோடு தண்ணீர்மலை போனதற்கு மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. அவளை அவர் அடித்தது வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். சொந்தக்காரர்கள், “அவருக்குப் பாசம் ஜாஸ்தி, அதான் இவ்வளவு பார்த்துக்கிறார்” என்பார்கள். அதே தெருவில் வாராவாரம் குடித்துவிட்டுக் கத்திச் சண்டை போடும் இன்னொரு ஆளைத்தான் எல்லாரும் ஆபத்தானவன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டுமே மோசம், சந்தேகமில்லை. ஆனால் அபாயக் கணக்குப் போடும் ஆள் முதல் வீட்டுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்குவார். அந்த வீட்டில் அவள் ‘என்னுடையவள்’. கையை விட்டுப் போகிறாள் என்று தெரியும் நாளில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

குடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் எந்தக் குடும்பச் சண்டையையும் தண்ணியில் கொண்டுபோய் முடிப்பார்கள். “குடிக்காதப்ப தங்கம்.” குடி சண்டையை மோசமாக்கும், உண்மை. ஆனால் அந்த 11 நகர ஆய்வில் போதைப்பொருள் பழக்கத்தின் பாதிப்புகூட, முன்பு நடந்த மிரட்டலையும் வதையையும் கணக்கில் சேர்த்ததும் தனியாக நிற்கவில்லை. குடியை நிறுத்தவைத்துவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது வீண் காத்திருப்பு. கடையில் தவ்க்கேயிடம் (முதலாளியிடம்) அறை வாங்கினாலும் திருப்பி அடிக்காதவர், வீட்டுக்கு வந்ததும்தான் நிதானம் இழக்கிறார் என்றால், அங்கே போதை எவ்வளவு வேலை செய்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் அடையாளம்: கழுத்தில் கை வைப்பது.

அறை, உதை, தலைமுடியைப் பிடித்து இழுப்பது என்ற வரிசையில் கழுத்தை நெரிப்பதையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறோம். அது தனி ரகம். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. அவற்றை அடைக்கப் பெரிய பலம் வேண்டாம். சரியான இடத்தில் அழுத்தினால் பத்து நொடி அளவில் நினைவு தப்பிவிடும். கொஞ்சம் நீண்டால் சாவு. அதாவது நெரிக்கிறவன், உன் உயிர் என் கையில் இருக்கிறது என்பதை அவளுக்குச் செய்தே காட்டுகிறான். மேலே சொன்ன அதே நகரங்களின் தரவை வைத்து 2008-இல் வந்த இன்னோர் ஆய்வு, துணைவர் முன்பு ஒரு முறை கழுத்தை நெரித்திருந்தால் பின்னால் அவர் கையால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று காட்டியது.

இதில் பெரிய சிக்கல், அடையாளம் தெரியாதது. அமெரிக்காவின் சான் டியேகோவில் போலீசுக்கு வந்த 300 கழுத்து நெரிப்பு வழக்குகளைப் பின்னால் எடுத்துப் படித்தார்கள். பாதிப் பெண்களின் கழுத்தில் வெளியே எதுவுமே தெரியவில்லை. இன்னும் 35 விழுக்காட்டுப் பேருக்கு இருந்த சிவப்பும் கீறலும் படம் எடுத்தால் விழாத அளவு. கன்னத்தில் விரல் பதிந்திருந்தால் உடனே நம்புகிற நாம், கழுத்து சுத்தமாக இருப்பதைப் பார்த்து “ஒண்ணும் ஆகலையே” என்று சொல்லிவிடுகிறோம்.

வேறு இடங்களில் பார்க்க வேண்டும். குரல் கரகரப்பு. எச்சில் விழுங்கும்போது வலி. கண்ணின் வெள்ளையில் அல்லது இமையில் ஊசிக்குத்து போலச் சிவப்புப் புள்ளிகள். நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே நினைவில்லை என்பது. தன்னை அறியாமல் சிறுநீர் போயிருப்பது. வெட்கத்தில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வரும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். அதனால் எழுந்து நடமாடினாலும் ஆஸ்பத்திரி போயே ஆக வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், ஓ.எஸ்.சி.சி. என்ற பெயரில் குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ளானவர்களுக்கான ஒரே இடச் சேவை உண்டு. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தொண்ணூறுகளில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவியது அது. மருத்துவம், போலீஸ், ஆலோசனை மூன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம் என்பது அதன் நோக்கம்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கும்போதும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நாம் தமிழில் யோசித்து, தெரிந்த மலாயில் சொல்லி, அதிகாரி அதைத் தட்டச்சு செய்கிறார். “சண்டை, அடிச்சிட்டாரு” என்று ஒரே வார்த்தையில் எல்லாம் போய்விடும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். கழுத்தை நெரிப்பதற்கான ‘செக்கிக்’ என்ற மலாய்ச் சொல் அதில் இருக்கிறதா? எந்தக் கையால், எவ்வளவு நேரம், மயக்கம் வந்ததா என்பது இருக்கிறதா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல் வாட்சப்பில் குரல் பதிவாக இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அடுத்தது, பிரிந்துபோகும் நேரம். “இவ்வளவு அடி வாங்கிட்டு ஏன் அங்கேயே கிடக்கிறா?” என்று சிலர் கேட்பார்கள். “பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கோ, அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல் கோபம் உண்டு. ஆனால் முதல் கூட்டமும் ஒன்றைத் தவறவிடுகிறது. அவள் வெளியே காலெடுத்து வைக்கும் நாளும் அதற்குப் பிறகான சில மாதங்களும்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம். அந்த ஒன்பது மடங்கு அங்கேதான் வருகிறது. அதனால் போகக் கூடாது என்று அர்த்தமில்லை. சொல்லாமல், திட்டம் போட்டுப் போக வேண்டும் என்று அர்த்தம்.

இங்கிலாந்தில் முன்பு போலீசாக இருந்து பின்னர் குற்றவியல் பேராசிரியரான ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணைவர் கொலைகள் 372-ஐ எடுத்து அவற்றின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தார். எட்டுப் படிகள் தெரிந்தன. அந்த ஆளின் முந்தைய உறவுகளிலேயே மிரட்டலோ பின்தொடர்தலோ இருக்கும். இந்த உறவு மின்னல் வேகத்தில் தொடங்கும். பிறகு கட்டுப்பாடு. அப்புறம் அதைக் குலைக்கும் ஒரு நிகழ்வு, பெரும்பாலும் பிரிவு அல்லது பிரிவு வரும் என்ற பயம். கெஞ்சல், மிரட்டல், தற்கொலை செய்துகொள்வேன் என்பது, வேலையிடத்துக்கு வந்து நிற்பது எல்லாம் ஏறும். அதற்குப் பிறகு வரும் ஆறாவது படிதான் என்னைக் கலங்கவைத்தது: அவன் மனதுக்குள் முடிவு மாறுகிறது. திரும்பக் கிடைக்க மாட்டாள் என்று தீர்மானித்துவிடுகிறான். பிறகு திட்டம், பிறகு கொலை. அந்த ஆறாவது படியில் சிலர் வெளியே அமைதியாகிவிடலாம். “இப்ப திருந்திட்டார், கடைசியா ஒரு தடவை பேசணும்னு கூப்பிடுறார்” என்று குடும்பமே நிம்மதி அடையும் சமயம் அது. அந்தக் கடைசிச் சந்திப்புக்குத் தனியாகப் போகக் கூடாது. முடிந்தால் போகவே கூடாது.

ஆக, ‘திடீர்’ என்று செய்தியில் வருவதற்குப் பின்னால் மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் யாராவது தடுக்கக்கூடிய இடம். எல்லாரும் எட்டு வரை ஏறுவதில்லை. பலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அவளுக்கே ஆபத்து தெரியாதா என்று கேட்கலாம். கொலை முயற்சியிலிருந்து தப்பிய பெண்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் அவன் அந்த அளவுக்குப் போவான் என்று நினைக்கவே இல்லை என்றார்கள். ஆகவே ஒரு பெண் “என்னைக் கொன்னுடுவார்னு பயமா இருக்கு” என்றால் அப்படியே நம்ப வேண்டும். “சேச்சே, அப்படியெல்லாம் செய்ய மாட்டார்” என்று அவளே சொன்னால் அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

இதற்குத்தான் கேம்ப்பெல் எண்பதுகளில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். இன்று அதில் இருபது கேள்விகள், ஆம், இல்லை என்ற பதில். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. போன வருடத்து நாள்காட்டியை அவள் முன்னால் வைக்கிறார்கள். அடி விழுந்த நாட்களை அவளே குறிக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் 1 முதல் 5 வரை ஓர் எண், தள்ளுதல், அறை என்று தொடங்கி ஆயுதம் வரை. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியை வைத்து இதைச் செய்வதை யோசித்துப் பாருங்கள். தேதி ஞாபகம் வராது, ஆனால் “தீபாவளிக்கு மறுநாள்”, “சின்னவனுக்கு ஸ்கூல் திறந்த வாரம்”, “ஆடிப் பூரத்தன்னைக்கு” என்று வரும். குறித்து முடித்து ஏட்டைப் புரட்டினால், ஜனவரியில் ஒரு 1, மே மாதத்தில் இரண்டு 2, அக்டோபருக்குப் பிறகு நெருக்கமாக 3, 4. கேள்வித்தாளை உருவாக்கிய ஆரம்ப நாட்களில், அடி கூடவில்லை என்று முதலில் சொன்ன பெண்களில் 38 விழுக்காட்டினர் நாள்காட்டியைக் குறித்த பிறகு, கூடியிருக்கிறது என்று பதிலை மாற்றினார்கள். யாரும் அவர்களுக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை. இந்த மதிப்பீடு, டாக்டர் ரத்த அழுத்தம் பார்ப்பது போன்றதுதான்: அளவு ஏறியிருந்தால் நாளைக்கே மாரடைப்பு என்று இல்லை, சும்மா விடக் கூடாது என்று தெரியும். ஒரு எச்சரிக்கை, இதை அந்த வீட்டுச் சுவரில் மாட்டிய நாள்காட்டியில் செய்யக் கூடாது. வேறு இடத்தில், வேறு ஆளிடம் விட்டுவைக்க வேண்டும்.

மலேசியச் சட்டம் இதில் எங்கே வருகிறது? 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. மதம் பார்க்காத சட்டம். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போனாலும், அடி உதைக்குப் பாதுகாப்பு கேட்பது இந்தச் சட்டத்தில்தான். நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் உண்டு. கோவிலில் தாலி கட்டி, பதிவு இலாகாவில் பதியாமலே விட்ட கல்யாணங்கள் இங்கே எத்தனையோ. “ரிஜிஸ்டர் பண்ணலை, நீ எங்கே போனாலும் செல்லாது” என்று மிரட்டும் ஆட்களும் உண்டு. மத, குல வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் அவள் இந்தச் சட்டத்தின் கண்ணில் மனைவிதான். கல்யாணப் பத்திரிகை, மாலையோடு எடுத்த படம், கோவில் ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

உடனடி ஆபத்துக்கு இ.பி.ஓ. எனப்படும் அவசரப் பாதுகாப்பு உத்தரவு. 2018 முதல் நடப்பில் உள்ள இது, சமூக நல இலாகா அதிகாரியே கொடுப்பது. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும், ஏழு நாள் செல்லும், போலீஸ் ரிப்போர்ட் கட்டாயமில்லை. பிறகு போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு ஓர் இடைக்கால உத்தரவு, வழக்கு நீதிமன்றம் போனால் வேறோர் உத்தரவு, அதை 12 மாதம் வரை போட்டு மேலும் நீட்டிக்கலாம். காகிதம் கத்தியைத் தடுக்குமா என்ற கேள்வி நியாயமானதே. உத்தரவு மட்டும் போதாது, இருக்கும் இடமும் மாற வேண்டும். ஆனால் போலீஸ் ஒன்றும் கிழிக்காது என்று அலட்சியப்படுத்தவும் வேண்டாம்: அந்த 11 நகர ஆய்வில், குடும்ப வன்முறைக்காக முன்பு ஒரு முறை கைதாகியிருந்த ஆட்களிடம் கொலை அபாயம் குறைவாகவே இருந்தது.

கல்யாணம் ஆகாத காதலர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இது பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். அவர்களுக்குக் குற்றவியல் சட்டத்தின் மற்ற பிரிவுகள்தான். விட்டுப்போன பெண்ணை விடாமல் பின்தொடர்வது மட்டும் 2023 மே மாதக் கடைசியிலிருந்து 507ஏ பிரிவில் தனிக் குற்றம். மூன்று வருடம் வரை சிறை.

பக்கத்து வீட்டில், சொந்தத்தில், வேலையிடத்தில் இப்படி ஒரு பெண் இருந்தால் அவளையும் அந்த ஆளையும் கூட்டிவைத்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து “இனிமே இப்படிச் செய்யாதீங்கப்பா” என்று அனுப்பினால், அவள் வெளியே சொன்னதற்கான தண்டனை அன்று ராத்திரி வீட்டில் காத்திருக்கும். தனியாகக் கேளுங்கள்: கழுத்தில் கை வைத்தாரா, கொல்வேன் என்றாரா, உன் சம்பளம் யாரிடம் இருக்கிறது, போகிறேன் என்று எப்போதாவது சொன்னாயா. ஒரு பையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஐசி (அடையாள அட்டை) நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட், கொஞ்சம் ரிங்கிட், மருந்து. போன் வழியாக அவளைப் பின்தொடர முடியும் என்றால் உதவிக்கு அழைப்பது உங்கள் போனிலிருந்து இருக்கட்டும்.

உயிர் போகும் நிலை என்றால் 999. தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 1982-இல் தொடங்கிய டபிள்யூ.ஏ.ஓ. என்ற பெண்கள் உதவி அமைப்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் அடைக்கல இல்லம் நடத்துகிறது. எண் 03-3000 8858. பினாங்கில் 1985 முதல் இயங்கும் டபிள்யூ.சி.சி. பெண்கள் மையத்தின் எண் 04-228 0342. உங்களுக்கு மலாயோ ஆங்கிலமோ சரியாக வரவில்லையென்றால், தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று போனை எடுத்தவரிடம் முதலிலேயே கேளுங்கள்.